பளபளப்பா, பாதுகாப்பா?

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரைப் புதுப்பிக்கிறவர்களில் சிலர் சக்கரத்துக்கு குரோம்தான் பூசணும் என்கிறார்கள். பார்க்க ஜோர்தான், ஆனால் இரும்புவரை ஒரு கீறல் விழுந்தால் அடியில் துரு பரவிவிடும்.

என் ஓட்டு பவுடர் கோட்டிங்குக்கே. சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பவுடர் உருகி ஒரே தோலாகப் பிடித்துக்கொள்ளும். இரும்புச் சக்கரம் அந்தச் சூட்டைத் தாங்கும். கல் தெறித்தாலும் லேசில் உதிராது.

ஆனால் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. சாண்ட் பிளாஸ்ட் செய்து பழைய துருவை அடியோடு எடுக்காவிட்டால் எந்தப் பூச்சும் நிற்காது. அடுத்தது, நட்டு உட்காரும் இடத்தை மறைத்துவிட்டுத்தான் பூசணும். அங்கே கனமாகப் பூசினால், வண்டி ஓட ஓடப் பூச்சு நசுங்கி நட்டு தளரும், சக்கரமே கழன்றுவிடலாம்.

வண்டியில் உட்காருகிறவர் உயிர் அந்த நட்டுகளில் இருக்கிறதப்பா! பளபளப்பு அப்புறம், முதலில் நட்டைப் பார்ப்போம்.