வினவும் நெறி: பெருங்கணிப்பொறியாளர் தொழிலினின்று ஒரு பாடம்

கல்விக்கு வினா வாயில் என்பதை மறுப்பாரிலர். ஆயினும் எல்லா வினாவும் அறிவிற்கு வாயிலாதல் இல்லை. நன்னூலார் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்தனர். அறியாதான் வினவுவதும் ஐயுற்றான் வினவுவதும் மாத்திரமன்றி, அறிந்தான் ஒருவன் பிறன் அறிவை அளத்தற்பொருட்டு வினவுவதும் அவ்வாறனுள் அடங்கும். விடையுள்ளும் நேரே விடையாவன மூன்றே; ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. இப்பழம் பாகுபாட்டைத் தேர்வுக்குரிய சூத்திரமென மனனஞ் செய்துவிட்டு மறந்துவிடுகின்றோம். வினவுதலும் விடை பகர்தலுமே உயிர்நாடியாக உள்ள ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அத்தொழிலாளர் வினவும் முறையினின்று நாம் கற்கத்தக்கது யாதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். அத்தொழில், மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணிப்பொறிகளைப் பேணும் சிஸ்டம் புரோகிராமர்களின் தொழிலாகும்.

முதற்கண் இப்பொறியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதும். 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள ஐ.பி.எம். கம்பெனியார் சிஸ்டம் 360 என்னும் கணிப்பொறி வரிசையை அறிவித்தனர். அதற்கு முன்னரெல்லாம் ஒருவகைப் பொறிக்கென எழுதிய நிரல் பிறிதொரு வகைப் பொறிக்குப் பெரும்பாலும் பயன்படாது. இவ்வரிசையிலோ, சிறிய பொறிக்கு எழுதியது பெரிய பொறியிலும் ஓடுமாறு வகுக்கப்பட்டது. அன்று கொடுத்த அவ்வாக்கு இன்றுங் காப்பாற்றப்பட்டு வருகின்றது. 2025-ஆம் ஆண்டில் இசட் 17 என்னும் புதிய பொறி அவ்வழியில் வெளிவந்தது. பல பத்தாண்டுகட்கு முன் எழுதப்பட்ட நிரல்கள் இன்னும் அவ்வழிப் பொறிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வங்கி, இன்ஷூரன்ஸ், அரசாங்கக் கணக்கு முதலிய பெருந்தொழில்கள் பல நாடுகளிலும் இவற்றையே நம்பியிருக்கின்றன. கணக்கிடும் நிரலை எழுதுவோர் ஒருசாரார். அந்நிரல் ஓடுதற்குரிய களத்தை அமைத்து, பழுது நேர்ந்தவிடத்துக் காரணங் கண்டு திருத்துவோர் மற்றொரு சாரார். இப்பின்னவரே சிஸ்டம் புரோகிராமர் எனப்படுவோர்.

இனி, இவர்கள் வினவும் முறையைக் காண்போம். நிரலொன்று இடையே முறிந்தால் பொறி ஒரு குறியெண்ணை வெளியிடும். அவற்றுள் பெயர்பெற்றது 0சி7 என்பது. தொழிலுக்குப் புதியவன், “என் நிரல் 0சி7 என்று நின்றுவிட்டது, யான் செய்யத்தக்கது யாது?” என்று கேட்பான். இது வினாப்போலத் தோன்றினும் வினாவன்று, முறையீடு. மருத்துவனிடஞ் சென்று, “உடம்பு நன்றாயில்லை” என்று மாத்திரங் கூறி மருந்து கேட்பவனை இவன் ஒப்பான். பயின்றவன் கேட்பது வேறு: “இன்ன படியில், இன்ன கட்டளையில் நின்றது, நின்றபொழுது நினைவகத்தைப் பதிந்தெடுத்த டம்ப் என்னும் படியில் இன்ன புலத்தில் 40 40 40 என்று காணப்படுகின்றது, நேற்றுவரை ஓடியது, நேற்றிரவு உள்ளே வரும் கோப்பு மாற்றப்பட்டது.” இங்ஙனம் எழுதி முடிக்குமுன்னரே விடை பெரும்பாலும் அவனுக்கே புலனாகிவிடும். எங்ஙனமெனின், இப்பொறியில் பதின்ம எண்களை நெருக்கி எழுதும் முறையில் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கங்கள் அடங்கும். இறுதி அரைப் பைட்டு மட்டும் கூட்டலோ கழித்தலோ என்னும் குறிக்கு உரியது. 40 என்பது வெற்றிடத்தின் குறி. அஃது இறுதியில் நின்றால், குறி இருக்கவேண்டிய இடத்தில் சுழியமே நிற்கும். அதனை எண்ணென ஏற்கப் பொறி மறுத்துவிடுகின்றது. வெற்றிடத்தைச் சுழியமெனக் கொள்வது மனிதர் வழக்கமேயன்றிப் பொறியின் வழக்கமன்று.

ஆகவே வினாவின் அழகு சொல்லழகன்று. நிகழ்ந்தது யாது, எங்கே நிகழ்ந்தது, அதற்குமுன் மாறியது யாது, தான் ஆராய்ந்து கண்டது யாது என்னும் நான்கையும் வினாவிலேயே வைத்தலே அதன் அழகாகும்.

நிற்க, “எங்ஙனம்” என்னும் வினாவினும் “ஏன்” என்னும் வினா ஆழமுடையது. இப்பொறியின் பழைய முகவரிகள் 24 பிட் அளவின; அவற்றால் 1,67,77,216 பைட்டுகளையே சுட்டலாம். 1980-களில் முகவரி விரிந்தபொழுது 31 பிட் ஆயிற்று. கணிதம் பயின்ற மாணவன் உடனே, “ஒரு சொல்லுக்கு 32 பிட் இருக்க, 31-இல் நிறுத்தியதேன்?” என்று வினவுவான். பொறியின் வேகத்தையோ மின்சாரத்தையோ ஆராய்வதால் இவ்வினாவுக்கு விடை கிடையாது. வரலாற்றையே ஆராய்தல் வேண்டும். 24 பிட் முகவரியை 32 பிட் சொல்லில் வைத்தபொழுது எஞ்சிய 8 பிட்டுகள் வறிதே கிடந்தன. நினைவகம் பொன்போல் அரிதாயிருந்த அக்காலத்தில் நிரலாசிரியர் அவ்விடத்தையும் வீணாக்காது பலவாறு பயன்படுத்திக்கொண்டனர். ஒரு நிரல் மற்றொன்றிற்கு முகவரிப் பட்டியலை அளிக்கும்பொழுது, “இதுவே கடைசி” என்று காட்ட இடப்புறத்து முதற்பிட்டை 1 ஆக்குவது வழக்கமாய் வேரூன்றிவிட்டது. அவ்வழக்கத்தைக் குலைத்தால் எண்ணிறந்த நிரல்கள் பழுதாகும். ஆதலின் அவ்வொரு பிட்டைப் பழமைக்கு விட்டுக்கொடுத்து, 31 பிட்டுகளால் 2,14,74,83,648 பைட்டுகளைச் சுட்டும் முறை வகுக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் 64 பிட் முகவரி வந்த பின்னரும் பழைய 24-உம் 31-உம் ஒழிக்கப்படவில்லை. “ஏன்” என்று வினவாதவன் இதனைக் குறைபாடென இகழ்ந்து போவான்; வினவினவன் அடித்தளத்தின் நிலையறிந்து அதன்மேற் கட்டுவான்.

சிறு வினாவும் இகழத்தக்கதன்று என்பதற்கு மற்றொரு சான்று கூறுவோம். இப்பொறிகளில் ஐ.ஈ.எஃப்.பி.ஆர்.14 என்றொரு நிரல் உண்டு. அதன் தொழில் யாதொன்றும் செய்யாதிருத்தல். நகைக்கற்க! வேலையொன்று தொடங்குமுன் அதற்கு வேண்டிய கோப்புகளை ஆக்குதலும், முடிந்தபின் நீக்குதலும் அமைப்பின் கடமையாதலின், கோப்பை ஆக்கவோ நீக்கவோ மட்டும் விரும்புவோனுக்குச் சும்மா வந்து போகும் நிரலொன்று தேவைப்படுகின்றது. முதலில் அது 14-ஆம் ரெஜிஸ்டர் காட்டும் இடத்திற்குத் திரும்புக என்னும் ஒரே கட்டளையாய், இரண்டே பைட்டுகளாய் இருந்ததென்றும், அதிலும் பிழை கண்டுபிடிக்கப்பட்டதென்றும் இத்தொழிலாளர் வழிவழியாகக் கூறுவர். 15-ஆம் ரெஜிஸ்டரில் உள்ள எண்ணையே, வேலை நன்கு முடிந்ததா என்பதற்கு அறிகுறியாக அமைப்பு கொள்ளும். ஒன்றுஞ் செய்யாத நிரல் அதனையும் துடையாது விட்டமையின், பொருளற்ற எண்ணொன்று தோல்விபோல் வெளிப்பட்டது. அந்த ரெஜிஸ்டரைச் சுழியமாக்கும் கட்டளையொன்று சேர்க்கப்பட்டு நிரல் இரண்டு கட்டளையாயிற்று. ஒன்றுஞ் செய்யாத நிரலிற் பிழை இருத்தல் கூடுமோ என்று கேட்க நாணியிருந்தால் இத்திருத்தம் வந்திராது.

இவ்வினாக்களுக்கு விடை எங்கிருந்து வந்தது? 1955-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சூழ்ந்த பகுதியில் ஐ.பி.எம். பொறிகளைக் கையாண்டோர் கூடி ஷேர் என்னுஞ் சங்கத்தை நிறுவினர். அவருட் பலர் விமானத் தொழிற்சாலைகளைச் சார்ந்தவர். வாணிகத்தில் ஒருவர்க்கொருவர் போட்டியாளர். அங்ஙனமிருந்தும் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரே இடர்ப்பாட்டில் உழல்வது வீணென உணர்ந்து, நிரல்களையும் அனுபவத்தையும் பகிர்ந்துகொண்டனர். அச்சங்கம் இன்றும் உளது. 1960-களில் ஹூஸ்டன் நகரத்து விண்வெளி நிலையத்திற் பணியாற்றிய ஐ.பி.எம். பொறியாளர், வேலைகளை வரிசைப்படுத்தி அச்சிடும் பொருட்டு ஹாஸ்ப் என்னும் நிரலை ஆக்கினர். அது பிற்காலத்தில் ஜெஸ்2 எனப் பெயர்மாறி அமைப்பின் உறுப்பாயிற்று. ஆயினும் அதன் செய்திகள் இன்றும் டாலர் குறியுடன் ஹாஸ்ப் என்றே தொடங்குகின்றன. இதன் காரணத்தைப் புதியவன் வினவ, மூத்தவர் கூறும் விடை ஒரு வரலாற்றுப் பாடமாகவே அமைந்துவிடுகின்றது.

அக்காலத்தில் மற்றொரு வசதியும் இருந்தது. அமைப்பின் மூலநிரலே பயன்படுத்துவோர் கையில் இருந்தது. ஐயம் எழுந்தால் மூலத்தைப் புரட்டித் தாமே தெளிவர். 1983-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார், இனிப் பொறிமொழி வடிவத்தை மாத்திரமே அளிப்பது என்னும் கொள்கையை அறிவித்தனர். ஷேர் சங்கத்தார் இதனை வன்மையாக எதிர்த்தும் பயன் விளையவில்லை. தம் உழைப்பின் பொருளைக் காத்துக்கொள்ள உரிமை அவர்க்கு உண்டு; ஒவ்வொருவரும் மூலத்தைத் தம் விருப்பப்படி மாற்றினால் புதிய பதிப்புக்கு மாறுதல் கடினமாகும் என்பதும் மெய்யே. ஆயினும் நம் கருத்தில் அன்று இழந்தது சிறிதன்று. மூலத்தைக் காணமுடியாதவனுக்கு எஞ்சியிருப்பன கைந்நூலும், தன்னினும் அறிந்தாரை வினவுதலுமே. கைந்நூலோ பொறி செய்யவேண்டியதைக் கூறுமேயன்றி, அஃது அங்ஙனம் அமைந்தது ஏன் என்பதை எப்போதும் கூறாது. ஆதலின், அறிந்தாரின் விடைகளே மூலநூலாய்விட்டன.

வினவாமையால் விளையுங் கேட்டிற்கும் சான்று வேண்டுவார் 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரிட்டனில் நிகழ்ந்ததை நோக்குக. ராயல் பேங்க் ஆப் ஸ்காட்லாந்து குழுவினர், இரவில் வரிசையாக ஓடவேண்டிய வேலைகளை முறைப்படுத்தும் நிரலின் புதிய பதிப்பை ஏற்றினர். இடையூறு தோன்றவே அதனை நீக்கிப் பழையதற்கு மீள முனைந்தனர். புதியதும் பழையதும் ஒன்றோடொன்று பொருந்துமா, நீக்கினால் விளைவது யாது என்பதை முன்னதாகச் சோதித்துப் பாராமலே நீக்கிவிட்டனர். வரிசை குலைந்தது. 65 லட்சம் வாடிக்கைக்காரர் வரை அல்லலுற்றனர். சம்பளம் வந்து சேராமலும் கணக்கிருப்பு அறியாமலும் மக்கள் தவித்தனர். ஒருசாரார்க்குத் துன்பம் சில வாரங்கள் நீடித்தது. 2014-ஆம் ஆண்டு நவம்பரில் கண்காணிப்பு அதிகாரிகள் அக்குழுவிற்கு 5 கோடியே 60 லட்சம் பவுன் அபராதம் விதித்தனர். “பின்வாங்கினால் என்ன ஆகும்?” என்னும் ஒரு வினாவைக் கேட்டு, விடையைச் சோதித்தறிந்திருந்தால், இவ்வளவும் நேர்ந்திராது.

இவற்றால் யாம் வற்புறுத்த விரும்புவன மூன்று. ஒன்று, வினவுவோன் கடமை: தன் உழைப்பையும் கண்டறிந்தவற்றையும் வினாவிலே வைத்து வினவுதல். இரண்டு, விடை பகர்வோன் கடமை: திருத்தத்தை மாத்திரமன்றிக் காரணத்தையும் கூறுதல். “கைந்நூலைப் பார்” என்று முகஞ்சுளித்து ஒதுக்குவது விடையாகாது. இன்ன நூலில் இன்ன பகுதியைப் பார் என்று காட்டின் அது நல்விடை. மூன்று, இருவர்க்கும் பொதுவான கடமை: வினாவையும் விடையையும் பின்வருவோர் காணுமாறு எழுதிவைத்தல். 1970-களில் இத்தொழிலிற் புகுந்தோர் இப்பொழுது பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டனர். அவர் விளக்கியவற்றுள் எழுதிவையாதன அவரோடே போய்விட்டன. அவர் வகுத்த அமைப்போ போகாது நின்று நாளும் ஓடிக்கொண்டிருக்கின்றது.

இக்காலத்தில், வினவிய அளவில் சரளமாக விடையெழுதும் பொறிகள் வந்துவிட்டனவே, இனி மூத்தோரைத் தேடுவானேன் என்று சிலர் கேட்கலாம். அப்பொறிகளும் முன்னோர் எழுதிவைத்த விடைகளைக் கற்றே பேசுகின்றன. எழுதப்படாத காரணத்தை அவை அறியமாட்டா. அறியாதவிடத்தும் அறிந்தார்போல் உரைப்பதுண்டு. அவ்விடையை ஏற்குமுன் “இதற்குச் சான்று யாது?” என்று வினவும் பயிற்சி இன்னும் மிகுதியாக வேண்டப்படுகின்றது.

நம் நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லையென எண்ணற்க. சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களில் இருந்துகொண்டே அயல்நாட்டு வங்கிகளின் மெயின்பிரேம் வேலையைச் செய்து வரும் நம்மவர் பலர். அவர் வினவவேண்டிய மூத்தவர் கடலுக்கப்பால் உறங்கிக்கொண்டிருக்கும் வேளையில் இவர்க்குப் பழுது நேரும். நேரில் கண்டு பேச வாய்ப்பின்மையின், எழுதும் வினாவே இவர் முகமும் நாவும் ஆகின்றது. தெளிவாக எழுதியவனுக்கு மறுநாட் காலையில் விடை வந்து நிற்கும்; தெளிவின்றி எழுதியவனுக்கு, “எந்தப் படியில்? எந்தக் கட்டளையில்?” என்னும் எதிர்வினா வந்து நிற்கும், ஒரு நாள் வீணாகும்.

மாணவ நண்பர்காள்! வகுப்பில் எழுந்து வினவுதற்கு நாணுகின்றோம். வினவினால் அறியாமை வெளிப்படுமென அஞ்சுகின்றோம். வினவாத அறியாமை தேர்வு நாள்வரை மறைந்திருக்கும். அதன்பின் தொழிலில் பிறர் பொருளையும் பிறர் வாழ்வையும் பற்றி வெளிப்படும். ஆசிரியப் பெருமக்களையும், பல துறைகளிற் பணியாற்றும் பழைய மாணவர்களையும் யாம் வேண்டிக்கொள்வது ஒன்று. எம்மவர் வினாவைப் பொறுத்துக் கேண்மின். குறைவினாவாயின் நிறைவினாவாக்கக் கற்பியுங்கள். விடையுடன் காரணத்தையும் ஓரிரு வரியில் எழுதித் தாருங்கள். அவ்வரிகளைப் போற்றி வைத்துப் பின்வருவோர் கையிற் சேர்ப்பிப்பது எங்கள் கடனாகும்.