நம்பிக்கையும் வேண்டும், நட்டும் இறுக வேண்டும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு நண்பர்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. "கம்பெனி ஷோரூமில் காரை சர்வீசுக்கு விடுவதும் பணத்தைத் தண்ணீரில் போடுவதும் ஒன்றுதான். நான் எங்கள் காலனி மூலையில் இருக்கும் மெக்கானிக்கிடம்தான் விடுவேன்" என்றார் ஒருவர். "அங்கே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் இருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்?" என்றார் மற்றவர். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கள் ஸார், ரயில்வேயில் வண்டி பார்த்தவர்தானே" என்றார்கள்.

ஒரு தம்ளர் காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் காரை நாற்பதாயிரம் கிலோமீட்டர் சர்வீசுக்காக நாகபுரியில் ஒரு ஷோரூமில் விட்டேன். எஞ்சின் ஆயில், ஆயில் பில்டர், பிரேக் ஆயில் மாற்றுவது, நான்கு டயர்களையும் இடம் மாற்றிப் போடுவது, இவ்வளவுதான் வேலை. ஏ.சி. அறையில் சோபா, தொலைக்காட்சி, இலவசக் காப்பி எல்லாம் உண்டு. வேலை நடக்கும் இடத்துக்கும் நமக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். மாலை ஐந்தரை மணிக்குக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வண்டியைக் கொடுத்தார்கள். "வேலை திருப்தியாக உள்ளது" என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். நானும் போட்டுவிட்டு வந்தேன். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மனைவி, மகள், ஆறு வயதுப் பேத்தி எல்லோருமாக ராம்டேக் கோயிலுக்குப் புறப்பட்டோம். கன்ஹான் தாண்டியதும் பேத்தி, "தாத்தா, கீழே யாரோ தட்டறாங்க" என்றாள். முதலில் சிரித்தோம். பிறகு எனக்கும் கேட்டது. ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம். ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். முன்பக்க இடது சக்கரத்தில் நான்கு நட்டுகளில் ஒன்றைக் காணோம். மற்ற மூன்றும் விரலால் திருகினாலே சுழன்றன.

சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது வெறும் ஸ்டட் அல்ல. நட்டை இறுக்கும்போது உண்டாகும் பிடிப்பும், அதனால் இரண்டு பரப்புகளுக்கு நடுவே வரும் உராய்வும்தான் சுமையைத் தாங்குகின்றன. பிடிப்புத் தளர்ந்தால் சக்கரம் ஆட ஆரம்பிக்கும். ஸ்டட் மாறி மாறி வளைந்து கடைசியில் முறியும். இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அதே வேகத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விவரிக்க விரும்பவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் கைபேசியில் படம் எடுத்தேன். பிறகு மூன்று நட்டுகளையும் இறுக்கி, மெதுவாகக் கன்ஹானுக்குத் திரும்பி, ஒரு டயர் கடையில் புது நட்டு போட்டு, மற்ற மூன்று சக்கரங்களையும் பார்க்கச் சொன்னேன். அவை சரியாகவே இருந்தன. கோயிலுக்குப் போகாமல் வீடு திரும்பினோம்.

விஷயம் தெரிந்ததும் நம்மவர்கள் சிலர் சொன்ன ஆலோசனை, "வெளியூரில் இருக்கிறோம், எதுக்கு ஸார் வம்பு? இனிமே அங்கே போகாதீங்க, அவ்வளவுதான்" என்பது. நாற்பது வருடம் ஒரு ஊரில் குடியிருந்து, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த பிறகும் நமக்கு அது வெளியூர்தானா? நான் பேசாமல் இருந்தால் அடுத்த சனிக்கிழமை வேறொரு குடும்பம் அதே இடத்தில் வண்டியை வாங்கிக்கொண்டு போகும். என் மனைவி வேறு, "குழந்தை இருந்த வண்டி. சும்மா விடாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை படங்களோடும் ஜாப் கார்டோடும் போனேன். சர்வீஸ் மேனேஜர் வெலவெலத்துப் போனார். உடனே அந்த வேலை செய்த பையனைக் கூப்பிட்டார். பாலாகாட் பக்கத்திலிருந்து வந்த இருபது வயதுப் பிள்ளை. "ஸார், இவனை இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். உங்கள் வண்டிக்கு இலவசமாகப் பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்றார் மேனேஜர். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என் கோபம் அந்த இடத்தில்தான் திசை மாறியது. "பாலிஷ் வேண்டாம். என்ன நடந்தது என்று அவனே சொல்லட்டும்" என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். மூன்று சக்கரம் முடித்து, நான்காவதில் நட்டுகளைக் கையால் ஏற்றியிருக்கிறான். டார்க் ரெஞ்ச் பட்டறைக்கே ஒன்றுதான்; அது அடுத்த வண்டியில் இருந்தது. காத்திருக்கும்போது, டெலிவரிக்கு வழியை மறித்த வேறொரு காரை நகர்த்தச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வருவதற்குள் எங்கள் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிக் கழுவ அனுப்பிவிட்டார்கள்.

நான் ஜாப் கார்டைத் திருப்பிக் காட்டினேன். "இறுதிப் பரிசோதனை" என்ற பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட கட்டங்கள். எல்லாவற்றிலும் ஒரே பேனாவால், ஒரே வேகத்தில் டிக். அதில் "சக்கர நட்டுகள்" என்று ஒரு கட்டமும் இருந்தது. கீழே வேறொருவர் கையெழுத்து. "அந்தப் பையன் மறந்தான். இவர் பார்க்காமல் எழுதினார். இதில் எது பெரிய தவறு?" என்று கேட்டேன். மேனேஜர் பதில் சொல்லவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி எனக்கு முழுமையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். 1984-ல், வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆன சமயம். பிட் லைனில் நின்ற ஒரு பெட்டியின் பிரேக் அமைப்பைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். உண்மையில் குனிந்து பார்க்கவில்லை. மழை, நேரமாகிவிட்டது, பிட்டர் நன்றாகச் செய்பவர் என்று மூன்று சமாதானம் வைத்திருந்தேன். ஒரு பின்னுக்கு ஸ்பிளிட் பின் போடாமல் விட்டிருந்தது. வண்டி கிளம்புவதற்கு முன் ஒரு வயதான கலாசி தன் பாட்டுக்கு விளக்கடித்துக்கொண்டு வந்தவர் அதைக் கண்டுபிடித்தார். என் மேலதிகாரி என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்று மாதம் தினமும் அவர் பின்னாலேயே பிட்டுக்குள் இறங்கி நடக்கவைத்தார். அன்று என்னை அனுப்பியிருந்தால் நான் வேலை கற்றிருக்க மாட்டேன். அந்த டிப்போவும் எதுவும் கற்றிருக்காது.

தவறு செய்கிறவன் எல்லாம் சோம்பேறி என்று நினைப்பது வசதியான எண்ணம். 1990 ஜூன் 10-ஆம் தேதி பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், விமானிக்கு முன்னால் இருந்த கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் உடலில் பாதி வெளியே போய்விட, ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சௌதாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் உயிர் தப்பினார்கள். விசாரணையில், கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை என்று தெரிந்தது. முந்தைய நாள் அதிகாலையில் அவற்றைப் பொருத்தியவர் கற்றுக்குட்டி அல்ல, அனுபவம் மிக்கவர். பட்டியலைப் பார்க்காமல் பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார். இன்னொருவர் பார்க்க வேண்டும் என்ற விதி அந்த வேலைக்கு அப்போது இல்லை.

இதனால்தான் ரயில்வேயில் ஒருவர் வார்த்தையை மட்டும் நம்பி வண்டியை அனுப்புவதில்லை. பிரேக் பவர் சர்டிபிகேட்டில் பராமரிப்புப் பிரிவின் பொறியாளர் கையெழுத்துப் போடுவார். எஞ்சின் டிரைவரும் கார்டும் தாங்களும் சரிபார்த்து அதில் கையெழுத்திடுவார்கள். (2022 முதல் கார்டுக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர்.) இதில் யாரும் யாரையும் அவமானப்படுத்துவதாக நினைப்பதில்லை. நம் காருக்கு டிரைவரும் நாமே, கார்டும் நாமே. நாமோ பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறோம். அன்று மாலை நான் செய்ததும் அதுதான்.

ஆகவே சில பழக்கங்களை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சர்வீசுக்குப் போகுமுன் வண்டியோடு வந்த கையேட்டில், அந்தக் கிலோமீட்டருக்கு என்னென்ன வேலை என்று பாருங்கள். அதில் இல்லாத எஞ்சின் பிளஷ், ஏ.சி. கிருமிநாசினி போன்றவற்றைச் சேர்த்தால் ஏன் என்று கேளுங்கள். ஓடோமீட்டர் எண், பெட்ரோல் அளவு, உங்கள் புகார் எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுதவையுங்கள். "கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்றும் எழுதச் சொல்லுங்கள். "ஹோ ஜாயேகா அங்கிள்" என்று வாயால் சொல்வது எழுத்து ஆகாது. நகலைக் கேட்டு வாங்குங்கள்.

வண்டியை வாங்கும்போது வெளிச்சம் இருக்கிற நேரமாகப் போங்கள். எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்து அளவைப் பாருங்கள். ஆயில் மூடி, கூலன்ட் அளவு, பிரேக் ஆயில் அளவு மூன்றையும் கண்ணால் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றியிருந்தால் உங்கள் எதிரிலேயே டார்க் ரெஞ்ச் வைத்து, குறுக்கு வரிசையில் இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். பிறகு கையெழுத்துப் போடுங்கள். மறுநாள் காலை வண்டி நின்ற தரையில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை இன்னொரு முறை சோதியுங்கள். புது சர்வீஸ் முடிந்த மறுநாளே குடும்பத்தோடு நெடும்பயணம் கிளம்பாதீர்கள்.

தவறு நடந்துவிட்டால் கத்தவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம். வண்டியை நிறுத்துங்கள், படம் எடுங்கள், அன்றே எழுத்தில் கொடுங்கள். சர்வீஸ் மேனேஜர், அடுத்து கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு. அங்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. மராட்டியில் எழுத வராதவர்களுக்கு எழுதித்தர நம் சங்கத்து இளைஞர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை. நான் கேட்டது நான்கு: நடந்ததை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம், அந்தச் சக்கரத்துக்குப் புது ஸ்டட்டும் நட்டும், இறுதிப் பரிசோதனையை வேறொருவர் உண்மையாகச் செய்ய வேண்டும், பையனை அனுப்பக் கூடாது, சம்பளத்திலும் பிடிக்கக் கூடாது. கடிதம் வர ஒன்பது நாளும் இரண்டு நடையும் ஆயின. 2024-ல் அடுத்த சர்வீசுக்குப் போனபோது அந்தப் பையன் அங்கேயே இருந்தான். என்னை உள்ளே கூப்பிட்டு, டார்க் ரெஞ்ச் 'டக்'கென்று ஒலிப்பதை நான்கு சக்கரத்துக்கும் காட்டினான். பட்டறையில் இப்போது அந்த ரெஞ்ச் மூன்று இருக்கிறது. பரிசோதனைக் கட்டங்களில் டிக் மட்டும் பழையபடி ஒரே வேகத்தில்தான் விழுந்திருந்தது. அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நண்பர்கள் இருவருக்கும் என் பதில் இதுதான். ஷோரூமானாலும் காலனி மெக்கானிக்கானாலும் நட்டை இறுக்குவது ஒரு மனிதன்; அவன் மறக்கலாம். வாரண்டி இருக்கும்வரை ஷோரூமுக்கே போங்கள். அதன் பிறகு உங்கள் இஷ்டம். எங்கே விட்டாலும், சாவியைத் திரும்ப வாங்கும்போது ஐந்து நிமிடம் குனிந்து பாருங்கள். ராம்டேக்குக்கு அந்த வருடம் தை மாதத்தில் போய்வந்தோம். கிளம்புமுன் நட்டுகளை எண்ணியது பேத்தி.