குப்பைமேடும் கள்ளக் கணக்கும்

பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பள்ளிக்கரணை வந்ததும் கை தானாக மூக்குக்குப் போகும். ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கொண்டால் தாண்டிவிடலாம். அங்கேயே குடியிருப்பவர்கள் எத்தனை வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பது?

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது. தீயை அணைக்க நாள்கணக்கில் ஆனது. 'கோடை வெயில்' என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் வெயில் மட்டுமா காரணம்? அது எல்லா ஊரிலும்தான் அடிக்கிறது!

சாப்பாட்டு மிச்சம், காய்கறிக் கழிவு எல்லாம் மலை மாதிரி குவிந்தால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா அதைத் தின்று வாயுவாக்கும். அதில் பாதியளவு மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் ஒரு தீப்பொறி போதும். எரியாவிட்டாலும் நிம்மதி இல்லை. 20 வருஷக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

சரி, இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. கொட்டும் இடத்தைச் சின்னதாக வைத்து, அன்றன்றைய குப்பையை அழுத்தி, சாயங்காலம் அரை அடி மண்ணைப் போட்டு மூடணும். காற்று போகும் திசையில் வலைவேலி கட்டணும். கேரி பேக் பறந்து சதுப்பு நிலத்தில் விழாது. வாயுவைக் குழாய் பதித்து இழுத்து எரிக்கலாம், இல்லையென்றால் என்ஜினில் விட்டு கரண்ட் எடுக்கலாம். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் கிடையாது.

"அதுக்கெல்லாம் ஏதுங்க பணம்?" என்பார்கள். இங்கேதான் கள்ளக் கணக்கு. மண்ணுக்கும் வேலிக்கும் ஆகும் செலவு பட்ஜெட்டில் பளிச்சென்று தெரியும், அதனால் முதலில் அதை வெட்டிவிடுவார்கள். தீ வைக்கிற செலவு, புகையைச் சுவாசித்தவரின் ஆஸ்பத்திரி பில், கெட்டுப்போன நிலத்தடி நீருக்குப் பதில் வாங்கும் லாரித் தண்ணீர், இவை எந்த லெட்ஜரில் வருகிறது? பொறுப்பை எழுதாமல் பேலன்ஸ் ஷீட் போட்டால் எந்தக் கம்பெனியும் லாபத்தில்தான் ஓடும். பிகாம் முதல் வருஷப் பையன்கூட அதற்கு மார்க் போடமாட்டான்!

இன்னொரு கூத்து. குப்பை அள்ளும் ஒப்பந்தத்தில் எடைக்குக் காசு என்று எழுதினால் அள்ளுகிறவர் ஏன் பிரிக்கப்போகிறார்? ஈரக் குப்பைதான் எடை அதிகம். அது கிடங்குக்குப் போனால் அவருக்குக் காசு, ஊருக்கு மீத்தேன்.

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகவே சொன்னது: மட்காத, மறுசுழற்சிக்கு ஆகாத, எதற்கும் பயன்படாத மிச்சம்தான் நிலத்தில் புதைக்கப்படணும். அது நடந்திருந்தால் மீத்தேன் பிறக்க இடமே இல்லை. 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தாயிற்று. அப்புறமும் காய்கறிக் கடையில் கை நீட்டினால் கேரி பேக் வருகிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை, அமல்படுத்தத்தான் ஆளில்லை.

பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை நல்ல வேலைதான். ஆனால் ஒரு பக்கம் அள்ள, மறுபக்கம் பிரிக்காமல் கொட்டினால்? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

குற்றம் மாநகராட்சிமேல் மட்டும் இல்லை. பச்சை டப்பாவும் நீல டப்பாவும் வாசலில் இருக்க, எல்லாவற்றையும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டுத் தூக்கி எறிகிறவரும் இந்தக் கணக்கில் பங்குதாரர்தான். அந்த முடிச்சை அவிழ்க்கிற கை துப்புரவுத் தொழிலாளியுடையது, பெரும்பாலும் கையுறைகூட இல்லாமல்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அர்த்தம். அதன் ஓரத்தில்தான் அந்தக் குப்பைமேடு வளர்ந்தது. பறவைகள் கண்டம் தாண்டி வரும் இடத்துக்கு ஊர் கொடுத்த வரவேற்பு அது. இன்றைக்கு ராத்திரி வீட்டு டப்பாவில் சோறும் பிளாஸ்டிக்கும் தனித்தனியாக விழுந்தால், அந்தக் கடனில் ஒரு பைசாவாவது குறையும்.