கிணற்றில் கரைந்த கடிதங்கள்

 

வல்லக்கோட்டை என்றதும் பலருக்கு அங்குள்ள முருகன் கோவில் நினைவுக்கு வரும். இப்போது அதைச் சுற்றிலும் ஒரகடத்துத் தொழிற்சாலைகள். அவற்றுள் வார்ப்பட ஆலை ஒன்றில் பணிபுரியும் என் தங்கை மகன், குடும்பத்தோடு அவ்வூரில் வாடகை வீட்டில் இருக்கிறான். சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். அவனுடைய மகள் பள்ளிக்காக வம்சாவளிப் படம் ஒன்று வரைந்துகொண்டிருந்தாள். கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பி வந்தவள், ஓரிடத்தில் நிறுத்தி என்னைக் கேட்டாள்:

"நன்னா, உங்கள் வாப்பாவுடைய வாப்பா கொழும்பில் என்ன வியாபாரம் செய்தார்கள்? அங்கே யாரோடு இருந்தார்கள்?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி இருந்தது. அந்த வழியை அடைத்தவனும் நான்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பூர்வீக வீட்டை விற்றபோது, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே பாட்டனார் கொழும்பிலிருந்து எழுதிய கடிதங்களும் இரண்டு கணக்குப் பேரேடுகளும் இருந்தன. எல்லாம் அரபுத்தமிழ். மொழி நம் தமிழ்தான். எழுத்து அரபு எழுத்து. எங்களுக்குக் குர்ஆன் ஓதத் தெரியுமே தவிர, அந்தக் கையெழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை. 'இதில் அல்லாஹ்வின் பெயர் இருக்கும், காலில் மிதிபடக் கூடாது' என்று பெண்கள் அஞ்சினார்கள். "கிணற்றில் இட்டுவிடுங்கள்" என்று சொன்னேன். மரியாதை செய்துவிட்ட நிம்மதியோடு வீட்டைப் பூட்டினோம்.

இதே மரியாதை, வேறோர் ஊரில், வேறொரு சமூகத்தாரிடம் என்ன விளைவைத் தந்தது என்பதைப் பின்னாளில் படித்தபோதுதான் நான் செய்தது என்னவென்று புரிந்தது.

எகிப்தின் பழைய தலைநகரம் ஃபுஸ்தாத். இன்றைய கெய்ரோவின் ஒரு பகுதி. அங்கே பென் எஸ்ரா என்னும் யூத ஆலயம் உள்ளது. இறைவனின் பெயர் எழுதப்பட்ட தாளை அழிக்கலாகாது என்பது யூதர்களின் வழக்கம். அதனால் பழந்தாள்களை எல்லாம் ஆலயத்தை ஒட்டிய ஓர் அறையில் இட்டு வந்தார்கள். அந்தச் சேமிப்பறைக்கு 'கெனிஸா' என்று பெயர். வேதப் பிரதிகள் மட்டுமல்ல. வியாபாரக் கடிதம், கடன் பத்திரம், திருமண ஒப்பந்தம், சீர்வரிசைப் பட்டியல் எல்லாம் அங்கே சேர்ந்தன. அந்த மண்ணின் வறண்ட காற்று அவற்றைக் காத்தது. 1896-97ஆம் ஆண்டுகளில் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கிருந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசென்ற தாள்களும் துண்டுகளும் மட்டும் ஏறத்தாழ 1,90,000.

அவற்றில் பெரும்பாலான கடிதங்களின் மொழி எது தெரியுமா? அரபு. எழுத்து ஹீப்ரு. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதியது போலவே, அவர்கள் அரபு மொழியைத் தங்கள் வேத எழுத்தில் எழுதினார்கள். ரஹ்மானின் பெயரைச் சொல்லித் தொடங்கும் கடிதங்களும் அவற்றில் பல உண்டு.

எஸ்.டி. கோய்டைன் என்ற ஆய்வாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தத் தாள்களுக்கே ஈந்தார். சிதறிக் கிடந்த துண்டுகளை அவர் ஒன்று சேர்த்தபோது, நம் கரையில் வாழ்ந்த ஒரு யூத வணிகர் உயிரோடு எழுந்து வந்தார். அவர் பெயர் ஆபிரகாம் பென் யிஜூ. நம் வழக்கில் சொன்னால் இப்ராஹீம்.

வட ஆப்பிரிக்காவின் மஹ்திய்யா நகரத்தவர் அவர். ஏடன் துறைமுகம் வழியாக இந்தியா வந்து, மங்களூரில் ஏறத்தாழ 17 ஆண்டுகள் வாழ்ந்தார். மிளகு, ஏலம், பாக்கு, இரும்பு ஆகியவற்றை ஏடனுக்கு அனுப்பினார். வெண்கலப் பட்டறை ஒன்றும் நடத்தினார். ஏடனில் இருந்த நண்பர்கள் செம்பையும் உடைந்த பழைய பாத்திரங்களையும் கப்பலில் அனுப்பி, இன்ன எடையில் இன்ன வடிவில் வார்த்துத் தருக என்று எழுதுவார்கள். ஒரகடத்து ஆலையில் உலோகம் வார்க்கும் என் மருமகனுக்கு இதைச் சொன்னபோது, "அப்படியானால் இது அன்றே நடந்த ஏற்றுமதித் தொழில்தானே!" என்று வியந்தான்.

பதிலுக்கு ஏடனிலிருந்து அவருக்கு வந்தவை சர்க்கரை, உலர்திராட்சை, பாய், இவற்றோடு காகிதம். காகிதம் அன்று இங்கே அரிது. எனவே நண்பர்களின் கடிதங்களின் பின்பக்கத்திலேயே தம் வீட்டுக் கணக்கை எழுதினார். அவர் சிக்கனத்தால் ஒரே தாளின் இருபுறமும் வரலாறாயிற்று.

அந்தக் கடல் வணிகத்தில் யூதரும் முஸ்லிமும் இந்துவும் கலந்தே இருந்தனர். யூத வணிகர்களின் சரக்கு முஸ்லிம்களின் கப்பல்களில் போயிற்று. அக்கடிதங்களில் பேசப்படும் கப்பல் முதலாளி ராமிஷ்த் என்பவர், ஹிஜ்ரி 532இல் புனித கஅபாவுக்குத் தம் செலவில் போர்வை அணிவித்த அதே செல்வந்தர். அவருடைய கப்பல்கள் மூழ்கிய செய்தியை ஏடன் யூதர் ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

இனி அவருடைய குடும்பத்தைப் பாருங்கள். அடிமையாயிருந்த ஆஷு என்னும் உள்ளூர்ப் பெண்ணை அவர் விடுதலை செய்த பத்திரம் கிடைத்திருக்கிறது. தேதி 1132 அக்டோபர் 17. அவருக்கு சுரூர் என்ற மகன், சித்துத்தார் என்ற மகள். 1149இல் பிள்ளைகளோடு ஏடன் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு சிசிலியின் நார்மன் படையிடம் மஹ்திய்யா வீழ்ந்திருந்தது. அவருடைய உடன்பிறந்தார் சிதறிப் போயிருந்தனர். அவர்களைத் தேடி எழுதிய கடிதத்தில், என் செல்வமெல்லாம் உங்களோடு பகிர்ந்துகொள்வதற்கே; என் மகளை நம் குடும்பத்துப் பையனுக்கே கொடுப்பேன் என்ற பொருள்பட எழுதுகிறார். ஏடனில் வசதியான நண்பர் ஒருவர் தம் மகனுக்குப் பெண் கேட்டார், இவர் இசையவில்லை. 1156இல் ஃபுஸ்தாதில், அண்ணன் தம்பி உறவில் வந்த பெரஹ்யா என்ற இளைஞனுக்கே சித்துத்தார் மணமுடிக்கப்பட்டாள். அவளுடைய சீர்வரிசைப் பட்டியல்கூட இன்று இருக்கிறது.

அரசனும் அல்லர், தளபதியும் அல்லர். பாக்கும் மிளகும் விற்ற ஒரு மனிதர். சுமார் 870 ஆண்டுகள் கழிந்தும் அவர் மகளின் மணம் நமக்குத் தெரிகிறது. என் பாட்டனார் மறைந்து நூறாண்டு ஆகவில்லை. கொழும்பில் அவர் கடை எந்தத் தெருவில் இருந்தது என்பது அவர் பேரனுக்கே தெரியவில்லை. அந்த யூதர்களும் நாங்களும் செய்தது ஒன்றே, தாளுக்கு மரியாதை. அவர்கள் அறையில் இட்டார்கள். நாங்கள் நீரில் இட்டோம்.

உறவுகளைப் பேணும் பொருட்டு உங்கள் வம்சத்தை அறிந்துகொள்ளுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். குலப்பெருமை பேசுவதற்கு அன்று. உறவைச் சேர்த்து வாழ்வதற்கு. அறியாத உறவை எப்படிப் பேணுவது?

எனவே சகோதர சகோதரிகளே, உங்கள் பரணிலும் பெட்டியிலும் பழந்தாள்கள் இருந்தால் அவசரப்படாதீர்கள். முதலில் அவற்றைப் படம் எடுத்து வையுங்கள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர்கள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் இருக்கும்போதே வாசிக்கக் கேளுங்கள். உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் பழைய நிக்காஹ் தஃப்தரைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று தலைமுறையின் பெயர்கள் அதில் உறங்கலாம். எழுதும்போது வாப்பா, பாட்டனாரோடு நிறுத்திவிடாமல் உம்மா, பாட்டிமார்களின் பெயர்களையும் எழுதுங்கள். ஆஷுவின் பெயரையும் சித்துத்தாரின் பெயரையும் ஒரு தாள்தானே காத்தது!

வல்லக்கோட்டையில் அந்தப் பிள்ளை தன் படத்தை முடித்துவிட்டாள். என் பாட்டனாரின் பெயருக்குக் கீழே, தொழில் என்ற இடத்தில், ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப எனக்குத் தெரிந்த ஒரே சான்று கிணற்றில் கரைந்துவிட்டது.

நம் பிள்ளைகளின் கட்டங்கள் காலியாகிவிடாமல் காக்கும் அறிவையும் பொறுப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.