குடிதண்ணீர்த் தொட்டியில் பாசி: உடப்புசல்லாவை லயத்து மக்களின் கோரிக்கைச் சாசனம்

தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும்:

மலையில் ஊறும் தண்ணீர் மூடியில்லாத சீமெந்துத் தொட்டியில் தேங்கித்தான் எங்கள் பீலிக்கு வருகிறது. ஆடி, ஆவணிக் காற்றுக் காலத்தில் ஊற்று மெலிந்து வெயில் ஏறினால் தொட்டிச் சுவர் பச்சை பிடித்துவிடும். முறையிட்டால் குளோரின் தூள் போட்டாயிற்று என்கிறார்கள். திறந்த தொட்டியில் போட்ட குளோரினை வெயில் பாதி தீர்க்கும், மீதியைப் பாசி தீர்க்கும். ஆகவே முதலில் மூடி போடுங்கள். வெளிச்சம் புகாத மூடி; காற்றுக்குழாய்க்கு நுளம்பு வலை.

ஊற்றுக்கு மேலே உள்ள தேயிலைக்கு உரம் போடுவதை நிறுத்த வேண்டும். மழையில் கரைந்து வரும் யூரியாவும் பொஸ்பேட்டும்தான் பாசிக்குச் சாப்பாடு. சில வரிசைத் தேயிலை போனால் போகட்டும், அங்கே மரம் நடுங்கள்.

"சுட வைத்துக் குடியுங்கள்" என்ற பதிலை இனி ஏற்கமாட்டோம். 1991இல் இதே மாவட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. அவ்வகைப் பாசி உண்டாக்கும் நஞ்சு ஈரலைத் தாக்கும். கொதிக்க வைத்தாலும் அழியாது. பச்சையான தண்ணீரில் குளோரினையோ மயில்துத்தத்தையோ அள்ளிக் கொட்டினால் பாசி செத்து, உள்ளிருக்கும் நஞ்சு தண்ணீரில் கலக்கும். எங்கள் தொட்டியில் இருப்பது என்ன பாசி என்று சோதித்துச் சொல்லுங்கள். சொல்லும்வரை பவுசரில் தண்ணீர் தாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை வடித்து, தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவப் போகிறவருக்கு அன்று முழுப் பேர் போட்டு, முழுநாள் சம்பளம் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் என்று எங்கள் தலையில் கட்டுவது போதும்.

கழுவிய பின் அளவாகக் குளோரின் இட்டு, அரை மணி நேரம் விட்டுத் திறங்கள். கடைசி லயத்துப் பீலியிலும் லீட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். ஒழுங்காக நடத்தும் நீச்சல் குளத்துக்கே அப்படி ஒரு கொப்பி உண்டு. குளிக்கிற தண்ணீருக்கு இருப்பது குடிக்கிற தண்ணீருக்கும் இருக்கட்டும்.

தோட்டத்துக்குள் சபை வேலை செய்ய முடியாது என்ற பழைய சாட்டும் செல்லாது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி அந்தத் தடையை நீக்கியாயிற்று.

எந்த வேலை யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் முடியும் என்பதைத் தமிழில் எழுதி, அடுத்த சம்பள நாளுக்கு முன் பெரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும்.