டபுள் சிக்னல் சொல்லும் பொய்

செபராங் ஜெயாவில் வேலை முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், சன்வே கார்னிவல் பக்கத்திலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் ஒரே மஞ்சள் மினுக்கல்தான். முன்னால் ஒரு மைவி, அதற்கு முன்னால் ஒரு சாகா, பக்கத்தில் ஒரு லாரி, எல்லாமே டபுள் சிக்னல். ‘பி’ ஸ்டிக்கரின் பசை இன்னும் காயாத ஒரு காரில், பக்கத்து இருக்கையிலிருந்து மாமாவின் குரல்: “டபுள் சிக்னல் போடு லா தம்பி. பின்னால வர்றவனுக்குத் தெரிய வேணாமா?” பையன் சிவப்பு முக்கோணத்தை அழுத்துகிறான். டிக், டிக், டிக். மாமாவுக்கு நிம்மதி.

அந்த நிம்மதி பொய்யானது.

டபுள் சிக்னலுக்கு அர்த்தம் ஒன்றுதான்: ‘என் வண்டி நின்றுவிட்டது, விலகிப் போ.’ பழுதாகி ஓரங்கட்டிய வண்டிக்காக வைத்த விளக்கு அது. மழையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போடாதீர்கள் என்று ஜே.பி.ஜே.யும் போலீசும் பலமுறை சொல்லியாகிவிட்டது. மழை வந்ததும் அத்தனை பேருக்கும் மறந்துவிடுகிறது. சாலையில் எல்லாருமே ‘நான் நின்றுவிட்டேன்’ என்று சொன்னால், உண்மையாகவே நின்றுபோன ஒருவனை எப்படி அடையாளம் காண்பது?

செபராங் ஜெயாவில் இது வெறும் வாதமல்ல. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் பட்டர்வொர்த்-கூலிம் நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடம் இது. கூலிம் போகிறவன், பினாங்குப் பாலம் ஏறப் போகிறவன், பட்டர்வொர்த்துக்குத் திரும்புகிறவன் என்று எல்லாரும் இங்கேதான் லேன் மாறுகிறார்கள். பெரும்பாலான கார்களில் டபுள் சிக்னல் எரியும்போது இடது, வலது சிக்னல் வேலை செய்யாது. பையன் நெம்புகோலைத் தட்டுகிறான், சிக்னல் போட்டுவிட்டதாக நம்புகிறான், திரும்புகிறான். பின்னால் வருகிறவனுக்கோ அதே பழைய மினுக்கல்தான் தெரிகிறது.

மேம்பாலத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி, இடது ஓரத்தில் மோட்டாரை நிறுத்தியிருப்பவர்களையும் நினைக்க வேண்டும். மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். அவர்கள் பக்கம் ஒரு கார் ஒதுங்குகிறதா, நேரே போகிறதா என்று முன்கூட்டியே சொல்ல ஒற்றை சிக்னலை விட்டால் வேறு வழியில்லை. அதைத்தான் டபுள் சிக்னல் பறித்துக்கொள்கிறது.

“வெளிநாட்டில் அனுமதி இருக்கே” என்பார்கள். இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2021-இல் சட்டத்தைத் தளர்த்தியது. ஆனால் அதுவும் மணிக்கு 55 மைல், அதாவது ஏறக்குறைய 88 கிலோமீட்டரும் அதற்கு மேலும் வேக வரம்புள்ள சாலைகளில், பார்வை மிக மோசமாக மறைந்தால் மட்டும். பிரிட்டனின் விதியோ, வேகச்சாலையில் முன்னால் இருக்கும் ஆபத்தைப் பின்னால் வருபவருக்கு உணர்த்தும் அளவுக்குச் சிறிது நேரம் போட்டுவிட்டு அணைத்துவிடச் சொல்கிறது. கார்னிவலிலிருந்து வீடு வரைக்கும் மினுக்கிக்கொண்டே போக இரண்டு நாடுகளும் சொல்லவில்லை.

அப்படியானால் பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஹெட்லைட்டைப் போட்டால் பின்பக்கச் சிவப்பு விளக்கும் சேர்ந்து எரியும். விட்டு விட்டு மினுக்காமல் நிலையாக எரிவதால் தூரத்தைக் கணிக்கலாம், பிரேக் பிடித்தால் அந்த வித்தியாசமும் தெரியும். புதிய கார்களில் ஒரு கண்ணி உண்டு: முன்னால் பகல் விளக்கு பளிச்சென்று எரிவதைப் பார்த்து, விளக்கு போட்டாயிற்று என்று நினைத்துவிடுவார்கள். பல கார்களில் அப்போது பின்பக்கம் இருட்டாகவே இருக்கும்.

மிச்சமெல்லாம் இடைவெளியில் இருக்கிறது. பினாங்குப் பாலத்தின் வேக வரம்பான மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. உலர்ந்த சாலையில் முன் வண்டிக்கும் தனக்கும் 2 விநாடி இடைவெளி என்றால், ஈரத்தில் 4 விநாடி, கிட்டத்தட்ட 90 மீட்டர். வேகத்தைக் குறைக்காமல், முன் காரின் பம்பரை முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு டபுள் சிக்னல் போடுகிறவருக்கு எந்த விளக்கும் உதவாது.

மாமாக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்கு முன் காரை வீட்டு வாசலில் நிறுத்தி, பையனை ஹெட்லைட் போடச் சொல்லிவிட்டு, பின்னால் போய் நின்று சிவப்பு விளக்கு இரண்டும் எரிகிறதா என்று பாருங்கள்.