போர்மில் காணாமல் போகும் பிள்ளைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. கொம்பியூட்டர் சம்பந்தப்பட்டதுதான், என்றாலும் உம்மாமாரும் நிர்வாக சபைகளில் இருப்பவர்களும் வாசித்தால் நல்லது என்று நினைக்கிறோம்.

இப்போது கொப்பி, சப்பாத்து உதவி முதல் புலமைப்பரிசில் வரை எல்லாவற்றுக்கும் ஒன்லைன் விண்ணப்பம். அதில் முதலில் ஒரு பிள்ளைக்கான வரிசை மட்டும் இருக்கும். கீழே ‘இன்னொரு பிள்ளையைச் சேர்’ என்று ஒரு பட்டன். நான்கு பிள்ளைகள் உள்ள உம்மா அதை மூன்று தடவை அழுத்த வேண்டும். சில விண்ணப்பங்களில் அழுத்த அழுத்த முன்பு எழுதியது அழிந்து போகிறது. இன்னும் சிலவற்றில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும், கடைசியில் ‘நன்றி’ என்றும் வரும். ஆனால் பட்டியல் வெளிவரும்போது ஒரு பிள்ளையின் பெயர்தான் இருக்கும். போய்க் கேட்டால் “நீங்கள் சரியாக நிரப்பவில்லை” என்ற பதில். அந்த உம்மாவும் தனக்குத்தான் போன் பாவிக்கத் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் என்ற வகையில் நாம் சொல்கிறோம்: இப்படி நடந்தால் நிரப்பியவரைக் குற்றம் சொல்வதற்கு முன் போர்மை எழுதியவரின் கோடைப் பாருங்கள். இது இருபது வருடங்களுக்கு மேலாகத் தெரிந்த நோய். மருந்தும் தெரிந்ததுதான்.

சேவையகத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு தடவை போகும்போதும் புதுக் கிளார்க் ஒருவர் உட்கார்ந்திருக்கும் கந்தோரை நினைத்துப் பாருங்கள். போன தடவை பேசியது எதுவும் அவருக்குத் தெரியாது. முழுப் பைலையும் நாம்தான் திரும்பக் கொண்டுபோக வேண்டும். இணையப் பக்கமும் அப்படித்தான். பட்டனை அழுத்தியதும் சேவையகம் பக்கத்தைப் புதிதாகக் கட்டி, நமக்கு அனுப்பிவிட்டு, தன்னிடம் இருந்ததைக் கலைத்துவிடுகிறது.

2002இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட ஏ.எஸ்.பி. டொட் நெட் வெப் போர்ம்ஸை எடுத்துக்கொள்வோம். பழைய அலுவலகத் தளங்கள் பல இன்னும் அதில்தான் ஓடுகின்றன. பக்கத்தின் பைலிலேயே எழுதி வைத்த பெட்டிகள் ஒவ்வொரு தடவையும் தாமாகவே கட்டப்படும். ஆனால் பட்டனை அழுத்தியதால் கோட் உருவாக்கிய பெட்டி அந்தப் பைலில் இல்லை. அடுத்த தடவை அதைத் திரும்ப உருவாக்குவது கோட் எழுதியவரின் வேலை. அதுவும் பக்கம் கட்டப்படும் ஆரம்பத்திலேயே, ‘இனிட்’ என்ற கட்டத்தில், அதே ஐடியுடன், அதே ஒழுங்கில். வியூஸ்டேட் அதைப் பார்த்துக்கொள்ளும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பெட்டியின் தன்மைகளைத்தான் சுமந்து வரும், பெட்டியை அல்ல.

படிக்கும் பிள்ளைகள் வழமையாகச் செய்வது, பட்டனின் ‘கிளிக்’ நிகழ்வுக்குள் பெட்டியை உருவாக்குவது. திரையில் பெட்டி வந்துவிடும், சந்தோசம். ஆனால் உம்மா எழுதிய பெயர் சேவையகத்துக்கு வந்து சேர்ந்து, உரிய பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்து முடிந்த பிறகுதான் ‘கிளிக்’ நடக்கிறது. கடிதம் வந்துவிட்டது, வீட்டைக் காணவில்லை. எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணை ஒரு மறைவான புலத்தில் அனுப்பி, இனிட் கட்டத்தில் அந்த எண்ணை வாசித்து அத்தனை வரிசைகளையும் கட்டினால் விஷயம் முடிந்தது.

பெட்டியைக் கட்டிய பிறகும் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு ‘பைண்ட்கொன்ட்ரோல்’ என்று ஒன்று. வரவு இடாப்பில் 5ஆம் இலக்கம் எல்லா வகுப்பிலும் இருக்கிறது. அதிபர் காரியாலயத்தில் நின்று “5ஆம் இலக்கம் வா” என்று கூப்பிட்டால் யார் வருவது? முதலில் வகுப்புக்குப் போக வேண்டும். அதேபோல கிரிட்வியூவின் ஒவ்வொரு வரிசையும் ஒரு தனி வகுப்பு. பக்கத்தின் வாசலில் நின்று தேடினால் வெறுமைதான் கிடைக்கும். அந்த வெறுமையைத் தொட்டதும் புரோகிராம் பிழை காட்டி நின்றுவிடும்.

நமக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பிழை வந்ததும் “பெட்டி கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ” என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். சிவப்பு எழுத்து மறைந்துவிடும். அத்தோடு ஒரு பிள்ளையும் சத்தமில்லாமல் மறைந்துவிடும். புரோகிராம் நின்றிருந்தால் யாராவது போன் எடுத்துச் சொல்லியிருப்பார்கள்.

“சேர், வெப் போர்ம்ஸ் பழசு, அதை மைக்ரோசொப்டே புதிய டொட் நெட்டுக்குக் கொண்டுபோகவில்லையே” என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். நமது உயர்தரப் பிள்ளைகள் படிப்பதும் பி.எச்.பி. தான். அதில் இந்தக் கட்டங்களின் தொல்லை இல்லை. ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது, இதைவிட ஆழமானது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரே ‘பாடசாலை செல்கிறார்’ என்று ஒரு டிக் பெட்டி. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், பின்னால் வெறும் சதுர அடைப்பு. பெயர்கள் நான்கும் வந்து சேரும். ஆனால் டிக் போடாத பெட்டியை பிரவுசர் அனுப்புவதே இல்லை. 2ஆம், 4ஆம் பிள்ளைகளுக்கு மட்டும் டிக் போட்டால் சேவையகத்துக்கு வருவது இரண்டே இரண்டு டிக். கோட் அதை முதலாம், இரண்டாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடும். நான்காவது பிள்ளைக்குக் கொப்பி இல்லை, இன்னும் பாலர் பாடசாலைக்கே போகாத முதல் பிள்ளைக்குக் கிடைக்கும்! எந்தப் பிழைச் செய்தியும் வராது. மருந்து என்ன? அந்தச் சதுர அடைப்புக்குள் வரிசை இலக்கத்தை எழுதுவது, பெயருக்கும் டிக்குக்கும் ஒரே இலக்கம். அவ்வளவுதான். இது எச்.டி.எம்.எல். போர்மின் விதி என்பதால் எந்த மொழியில் எழுதினாலும் நம்மைத் துரத்தும்.

புரொஜெக்ட்டுக்குப் புள்ளி போடும் நாம் திரையின் அழகைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தரவுத்தளத்தின் அட்டவணையைத் திறந்து பார்த்துப் புள்ளி போட வேண்டும் என்பது நமது கருத்து. மூன்று மாதக் கோர்ஸ்களில் படம் ஓடும் பேனர் செய்யக் கற்றுக்கொடுத்து சேர்ட்டிபிகேட் கொடுக்கிறார்கள். ஒரு வரிசையைச் சேர்த்து, நடுவில் ஒன்றை அழித்து, மிச்சத்தைச் சரியாகச் சேமிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

நிர்வாக சபைகளில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர்ம் செய்து தரும் தம்பியிடம் பணத்தைக் கொடுக்கும் முன், ஆறு பிள்ளைகள் உள்ள குடும்பமாக நீங்களே ஒரு தடவை நிரப்புங்கள். மூன்றாவது பிள்ளையை அழியுங்கள். சிலருக்கு மட்டும் டிக் போடுங்கள். பிறகு சேமிக்கப்பட்டதை அச்சடித்துத் தரச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். அனுப்பிய விபரத்தை விண்ணப்பதாரருக்குத் திருப்பிக் காட்டும் பக்கம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். சேமிக்கப்பட்டதிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும், வெறும் ‘நன்றி’ போதாது.

உம்மாமார், அந்தப் பக்கம் வரும் வரைக்கும், ‘சமர்ப்பி’ என்பதை அழுத்தும் முன் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரியும்படி போனில் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். திகதியும் நேரமும் அதில் தெரியட்டும். பட்டியலில் பெயர் விடுபட்டால் அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.